பலகை மேல் ஆல்ப்ஸ் மலை

மாதிரி ரயில் செய்வது வசதி படைத்தவர்களின் பொம்மை விளையாட்டு, அதன் படங்களை ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்வது அதைவிடப் பெரிய சிறுபிள்ளைத்தனம் என்றொரு தீர்ப்பு நம் இலக்கிய வட்டங்களில் வெகுகாலமாக நிலவி வருகிறது. சிற்றிதழ் படிப்பவர், உலக சினிமா பார்ப்பவர், நாட்டார் வழக்காறுகளைத் தொகுப்பவர் எல்லோரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுசேர்ந்து புன்னகைப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் புன்னகையோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஆனால் அதைவிடப் பெரிய வழக்கு, அந்தப் படங்களைச் செய்து பரப்புகிறவர்களோடுதான். முதல் வழக்கைச் சுருக்கமாக முடித்துவிட்டு இரண்டாவதற்கு வருகிறேன்.

சிறியதாகச் செய்யப்பட்ட வண்டி நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தும்பிசேர் கீரனார், தச்சன் செய்து தந்த சிறுவண்டியில் ஏறிப் போக முடியாதபோதும் கையால் இழுத்தே இன்பம் காணும் பிள்ளைகளை உவமையாக்குகிறார். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர்கள் மூன்று சக்கரத் தேரை உருட்டுகிறார்கள். பெரும்பாணாற்றுப்படையிலும் யாரும் ஏறிச் செல்லாத தேர் ஒன்று குழந்தைகளின் கையில் உருள்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் நிறைவாக நிற்பது சிறுதேர்ப் பருவம். முதுகலை வகுப்பில் இவற்றையெல்லாம் ஓராண்டு முழுக்கப் பாடமாக நடத்துகிறோம். உவமை நயம் சொல்கிறோம், மெய்ப்பாடு சொல்கிறோம். வகுப்பு முடிந்து வெளியே வந்ததும், ஒரு மனிதர் தன் ஓய்வு நேரத்தில் அட்டையும் பசையும் கொண்டு ஒரு ரயில் நிலையம் செய்தால் அதைப் பொழுதுபோகாதவர் வேலை என்கிறோம். இரண்டாயிரம் ஆண்டுப் பழமை இருந்தால்தான் பொம்மைக்கு மரியாதை என்றால், அது ரசனை ஆகாது, தொல்பொருள் மோகம்.

நான் வசிக்கும் சமயபுரத்தில் சிறுவடிவத்தின் பொருள் என்ன என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டவர்கள் கண், கை, கால் என்று தகட்டில் செய்த உருவங்களைக் கொண்டுவந்து செலுத்துகிறார்கள். உள்ளங்கையில் அடங்கும் அந்தத் தகடு ஒரு முழு உடலின் வேதனையைச் சுமந்து நிற்கிறது. சிறியது என்பதால் அதை யாரும் விளையாட்டு என்று சொல்வதில்லை. பெரியதைக் கையில் ஏந்த முடியாதபோது மனிதர்கள் சிறியதைச் செய்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள அழகியல் கோட்பாடு எதுவும் தேவையில்லை. முதல் வழக்கு இவ்வளவே.

இரண்டாவது வழக்குக்கு வருவோம். இந்தக் கலையை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். ஒரு பலகையின் மேல் தண்டவாளம், நிலையம், ஊர், மலை, ஆறு எல்லாவற்றையும் ஒரே அளவு விகிதத்தில் அமைப்பதை இவர்கள் லேஅவுட் என்பார்கள். விகிதங்களில் பரவலானது 1:87. அதில் ஐந்தரை அடி உயர மனிதர் 19 மில்லிமீட்டர் உயரம் இருப்பார். இருநூறு மீட்டர் நடைமேடை 2.3 மீட்டராகச் சுருங்கும். பிரிட்டனில் 1:76 வழக்கம். இடம் குறைவாக உள்ளவர்கள் 1:160க்குப் போவார்கள். முழு லேஅவுட்டுக்கு இடமில்லாதவர்கள், வண்டி ஓடாமல் நிற்கும் ஒரு காட்சியை மட்டும் மேசை அளவில் செய்வார்கள். செய்து முடித்ததும் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்புவார்கள். ஒருவர் வீட்டுக்கு இன்னொருவர் போய்ப் பார்ப்பது அரிது என்பதால், இந்தக் கலை வாழ்வதே படங்களின் பரிமாற்றத்தில்தான் என்று சொல்லலாம்.

அந்தப் படங்களில் நம்மவர்கள் காட்டுவது என்ன? பனி மூடிய சிகரங்கள். செங்குத்தான கூரையுள்ள ஜெர்மானிய வீடுகள். தேவாலயக் கோபுரம். ஊசியிலை மரக் காட்டுக்குள் நுழையும் சிவப்பு வண்டி. கீழே பெயரைப் பார்த்தால் செய்தவர் வேளச்சேரிக்காரராகவோ கோயம்புத்தூர்க்காரராகவோ இருப்பார். காவிரிக் கரையில் பிறந்து வளர்ந்த ஒருவர், தாம் ஒருநாளும் பார்த்திராத ஒரு சுவிஸ் கிராமத்தின் சன்னல் திரைச்சீலை வரைக்கும் பிசகாமல் செய்து அனுப்புகிறார். தான் ஏறி இறங்கிய நிலையத்தின் பெயர்ப்பலகை மஞ்சளா வெள்ளையா என்று கேட்டால் விழிக்கிறார்.

இதற்கு அவர்கள் சொல்லும் காரணம் ஒன்று உண்டு. கடையில் கிடைப்பது அதுதான் என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஜெர்மனியின் மார்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் தர அளவுகள் வகுத்த தடங்களோடு பொம்மை ரயில்களைக் காட்டியது முதல், இந்தத் தொழில் ஐரோப்பாவின் கையில் இருந்து வருகிறது. இங்கிலாந்தின் ஃபிராங்க் ஹார்ன்பி 1920இல் ரயில் செய்யத் தொடங்கினார். அவர்கள் ஊர் ரயிலை அவர்கள் செய்தார்கள், அதில் என்ன தவறு? அவர்களுடைய தடம் 1435 மில்லிமீட்டர். 1:87 விகிதத்தில் அது 16.5 மில்லிமீட்டர் ஆகும். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். அதே விகிதத்தில் 19.26 வரவேண்டும். அந்த அளவில் தண்டவாளம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. ஆகவே இந்திய வண்டி செய்பவர்களும் அதை 16.5 மில்லிமீட்டர் தடத்திலேயே ஓட விடுகிறார்கள். பருத்த உடலும் நெருங்கிய கால்களுமாக அது ஓடும்.

ஆனால் இந்தக் கணக்கை இன்னும் ஓர் அடி எடுத்துச் சென்றால் சாக்கு உடைந்துபோகிறது. தமிழ்நாட்டின் பெரும்பகுதியை நூறாண்டுகளுக்கும் மேலாக இணைத்திருந்தது மீட்டர் பாதை, அதாவது 1000 மில்லிமீட்டர். 1:87இல் அது 11.49. ஐரோப்பியக் கடைகளில் 12 மில்லிமீட்டர் தடம் விற்கிறார்கள். யாருக்காக? சுவிட்சர்லாந்தின் மலை ரயில்களைச் செய்பவர்களுக்காக. அந்த மலை ரயில்களும் மீட்டர் பாதைதான்! எந்த ஆல்ப்ஸ் மலையை நம் நண்பர்கள் பலகையின் மேல் எழுப்புகிறார்களோ, அந்த மலைக்கென்று செய்யப்பட்ட தண்டவாளம் அப்படியே நம் மாயவரம் வண்டிக்கும் பொருந்தும். அரை மில்லிமீட்டர்தான் வேறுபாடு. தடம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தபோதும் நம் ஊரைச் செய்யத் தோன்றவில்லை என்றால், குறை கடையில் இல்லை.

எதை இழந்திருக்கிறோம் என்பதைச் சொல்ல வேண்டும். நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சைக்கு 1861இல் வந்த ரயில், 1862இல் திருச்சியை அடைந்தது. அது முதலில் அகலப்பாதையாகவே போடப்பட்டது. 1874இல் தென்னிந்திய ரயில்வே உருவான பின், அதே பத்தாண்டுக்குள் மீட்டர் பாதையாகக் குறுக்கப்பட்டது. 1992இல் ஒரே பாதைத் திட்டம் அறிவிக்கப்பட்ட பின் மீண்டும் அகலப்பாதையானது. ஒரே மண்ணின் மேல் தண்டவாளம் இரண்டு முறை தன் அகலத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் ஓடிய மீட்டர் பாதை மின்வண்டிகள் 2004இல் நின்றுபோயின. தமிழ்நாட்டில் இன்று மீட்டர் பாதையில் எஞ்சியிருப்பது மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும் மலை ரயில் மட்டுமே. அது 2005இல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்ததால் பிழைத்தது. சமவெளி ரயிலுக்கு அந்தப் பட்டியலில் யார் இடம் வாங்கித் தருவார்கள்? அழகிய மலை இல்லாத ரயிலை யார் நினைப்பார்கள்?

பாதை மாறியபோது இரண்டு கம்பிகளுக்கு இடையிலான தூரம் மட்டும் மாறவில்லை. அதையொட்டி நின்ற ஓர் உலகமே கழற்றி எடுக்கப்பட்டது. கைகாட்டி மரங்கள் போயின. ஒற்றைத் தடத்தில் இரு வண்டிகள் எதிரெதிரே வந்துவிடாமல் காக்க, ஓடும் வண்டியின் ஓட்டுநரிடம் பிரம்பு வளையத்தில் மாட்டி நீட்டப்பட்ட டோக்கன் போயிற்று. எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்றிய தூண் போயிற்று. தாழ்ந்த நடைமேடைகளும், சுண்ணாம்பு பூசிய சிறு நிலையக் கட்டடங்களும், மரச்சட்டப் பயணச்சீட்டுச் சாளரங்களும் போயின. ஸ்ரீரங்கம், உத்தமர்கோவில், வாளாடி, லால்குடி என்று எங்கள் பக்கத்து நிலையங்களை அன்றாடம் கடந்து போனவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மீட்டர் பாதைக் காலத்து வாளாடி நிலையத்தின் தூண் எத்தனை அடி இடைவெளியில் நின்றது என்று சொல்ல இன்று யாரைத் தேடிப் போவது?

இது வெறும் ரயில் பைத்தியங்களின் கவலை என்று நினைக்கிற இலக்கிய வாசகர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' நம் மொழியின் மகத்தான சிறுகதைகளுள் ஒன்று. திருச்சியிலிருந்து மாயவரம் போகும் வண்டிக்குள் நிகழும் கதை. அதை வகுப்பில் நடத்தும்போது என் முன்னே அமர்ந்திருக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் தம் மனத்தில் எந்தப் பெட்டியைக் காண்கிறார்கள்? தாங்கள் ஏறும் இன்றைய அகலப்பாதைப் பெட்டியைத்தான். மீட்டர் பாதைப் பெட்டி அதைவிட ஏறக்குறைய அரை மீட்டர் குறுகலானது. எதிர் இருக்கையில் இருப்பவரின் முகமும், அடுத்த சன்னலில் இருக்கும் குழந்தையின் கையும் அதில் இன்னும் நெருக்கம். அந்தக் கதையின் கருணைக்கும் அந்த நெருக்கத்துக்கும் தொடர்பில்லை என்று என்னால் சொல்ல முடியாது. சங்க இலக்கியத்தில் வரும் ஒரு பூவின் நிறம் தெரியவில்லை என்றால் நாம் தாவரவியல் நூலைப் புரட்டுகிறோம். நம் அப்பாக்கள் பயணம் செய்த பெட்டியின் உட்புறத்தைக் காட்ட எந்த நூலைப் புரட்டுவது? ஒரு மாதிரி ரயில்காரர் அந்தப் பெட்டியை விகிதம் தவறாமல் செய்து, கூரையைக் கழற்றி, உள்ளே படம் எடுத்து அனுப்பியிருந்தால் அது எனக்கு ஓர் உரையாசிரியர் செய்யும் உதவி.

இது நடக்காத கற்பனை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆஸ்திரேலியாவில் பிறந்து 1925இல் இங்கிலாந்துக்கு வந்த ராய் இங்கிலாந்து என்பவர், அங்கே ஒரு பள்ளத்தாக்கின் கூரை வேய்ந்த குடிசைகள் ஒவ்வொன்றாக மாறியும் மறைந்தும் போவதைக் கண்டார். கிராமம் கிராமமாகப் போய்க் குடிசைகளைப் பதிவுசெய்து, அவற்றை அட்டையில் சிறு வடிவில் செய்யத் தொடங்கினார். 1954இல் லாங் விட்டன்ஹாம் என்ற ஊரில் அவர் தொடங்கிய பெண்டன் அருங்காட்சியகம் இன்றும் இருக்கிறது. 1920களிலும் 30களிலும் இருந்த ஒரு கிராமப்புறம், ரயிலும் குடிசையும் தோட்டமுமாக அங்கே நிற்கிறது. அவர் அந்த ஊர்க்காரர்கூட இல்லை. பிறந்து வளர்ந்தவர்களுக்குத் தோன்றாதது வந்து சேர்ந்தவருக்குத் தோன்றியிருக்கிறது.

படங்களின் மதிப்பைச் சொல்ல இன்னொருவர். கலிபோர்னியாவின் மாண்டரே நகரில் ஜான் ஆலன் என்ற ஒளிப்படக்காரர் தம் வீட்டின் அடித்தளத்தில் ஒரு மாபெரும் லேஅவுட் அமைத்தார். 1973 ஜனவரியில் அவர் இறந்தார். பத்து நாட்கள் போல் கழித்து அந்த வீட்டில் நேர்ந்த தீயில் லேஅவுட்டும் அழிந்தது. ஆனால் அவர் பல்லாண்டுகளாகப் படமெடுத்து இதழ்கள் வழியே சக கலைஞர்களிடம் பரப்பியிருந்தார். இன்று உலகம் அந்த லேஅவுட்டை அறிவது அந்தப் படங்களால்தான். லேஅவுட் அழியக்கூடியது. ஈரம், கரையான், வாடகை வீடு மாற்றம், வாரிசுகளின் பொறுமையின்மை எது வேண்டுமானாலும் அதைக் கொல்லும். பகிரப்பட்ட படம் பல வீடுகளில் இருப்பதால் பிழைக்கும். நம் விஷயத்தில் படத்தின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. ஆலனின் கற்பனை ஊருக்கு மூலம் கிடையாது. நம் மீட்டர் பாதை நிலையங்களுக்கு மூலம் இருந்தது, அது போய்விட்டது.

இந்தப் பொறுப்போடு நம்மவர்கள் படம் பகிர்கிறார்களா? தமிழ் ரயில் செய்கிற சிலர் இருக்கிறார்கள். அவர்களுடைய கைத்திறனுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் அவர்கள் அனுப்பும் படத்தைப் பாருங்கள். 'ஒரு கிராமத்து நிலையம்' என்று இருக்கும். எந்தக் கிராமம்? எந்த ஆண்டு? அளவு எங்கிருந்து வந்தது? நிலையத்தின் பின்சுவரை யாராவது பார்த்தார்களா, ஊகித்தார்களா? ஒன்றும் இராது. படத்தின் நடுவே தம் பெயரைப் பெரிதாகப் பொறித்திருப்பார்கள். வரைபடம் கேட்டால் தரமாட்டார்கள். பழைய ரயில்வே ஊழியர் ஒருவரிடமிருந்து அரும்பாடுபட்டுப் பெற்ற அளவுகளைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருப்பார்கள். பார்த்தவர்கள் 'அருமை', 'அற்புதம்' என்பார்கள். எது அருமை என்று யாரும் சொல்லமாட்டார்கள், எது பிழை என்று சொன்னால் உறவு முறிந்துவிடும்.

ஏட்டுச்சுவடிகளின் வரலாறு தெரிந்த நமக்கு இந்தக் காட்சி புதிதா? சுவடியைப் பரண்மேல் வைத்துப் பூட்டிக் கரையானுக்குக் கொடுத்த குடும்பங்கள் எத்தனை! உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது முதல், தம் பதிப்புகளின் முகவுரையில் எந்தச் சுவடி யாரிடமிருந்து கிடைத்தது என்று சொல்லும் வழக்கத்தைக் கைக்கொண்டார். பாடபேதங்களைக் குறித்தார். தமக்கு விளங்காததை விளங்கவில்லை என்றே விட்டார். ஆகவேதான் அவருக்குப் பின் வந்தவர்கள் அவரைத் திருத்தவும் முடிந்தது. திருத்தப்பட முடியாத பதிப்பு பதிப்பே அன்று. மூலம் சொல்லாத மாதிரி ரயில் படமும் அப்படித்தான். அழகாக இருக்கலாம், அதன்மேல் அடுத்தவர் எதையும் கட்ட முடியாது.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் என் பட்டியல் சிறியது. படத்தில் ஓர் அளவுகோல் தெரியட்டும். நிலையத்தின் பெயரும், எந்த ஆண்டைக் காட்டுகிறோம் என்பதும் எழுதப்படட்டும். மூலப்படம் இருந்தால் மாதிரியின் பக்கத்தில் அதுவும் வைக்கப்படட்டும். அளந்தது எது, கேட்டது எது, ஊகித்தது எது என்று பிரித்துச் சொல்லப்படட்டும். வானத்திலிருந்து பார்ப்பதுபோல் எடுக்கும் படத்தோடு, அந்த 19 மில்லிமீட்டர் மனிதரின் கண் உயரத்தில் ஒரு படமும் எடுக்கப்படட்டும், ஏனெனில் பயணிகள் யாரும் நிலையத்தை வானத்திலிருந்து பார்த்ததில்லை. முடிந்த படத்தோடு முடியாத நிலையின் படங்களும் போகட்டும். அட்டையை எப்படி மடித்தோம் என்பதுதான் அடுத்தவருக்குப் பயன்படும். இவற்றில் எதற்கும் பணம் தேவையில்லை.

மறுப்புகள் வரும். ரயில் என்பது காலனியத்தின் கருவி, அதைப் பொம்மையாக்கிக் கொஞ்சுவது வெள்ளைக்காரன் காலத்து ஏக்கம் என்று இடதுசாரி நண்பர்கள் சொல்வார்கள். இது வலுவான மறுப்பு, ஏனெனில் பெரும்பாலான லேஅவுட்டுகளைப் பார்த்தால் அது உண்மைதான். எல்லாச் சுவரும் புதிது. எல்லாப் பயணியரும் நிம்மதியானவர்கள். உழைப்பவர் கண்ணில் படுவதில்லை. இந்தத் திருச்சியின் பொன்மலையில், நாகப்பட்டினத்திலிருந்து இடம் மாற்றி 1928இல் இயங்கத் தொடங்கிய பணிமனை இருக்கிறது. அதே 1928இல் ஆட்குறைப்பை எதிர்த்துத் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய, சிங்காரவேலர் சிறைக்குப் போனார். 1946 செப்டம்பர் 5ஆம் நாள் அதே பொன்மலையில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். பொன்மலையை ஒருவர் பலகையில் அமைத்து, கூரையின் இரும்புச் சட்டங்களை எண்ணி எண்ணி ஒட்டி, அந்த வாயிலில் நின்ற மனிதர்களை மட்டும் விட்டுவிட்டால், அவர் கட்டியது பணிமனையின் ஓடு.

இன்னும் நுணுக்கமான சான்று ஒன்று தருகிறேன். தென்னிந்திய ரயில்வே நிலையங்களின் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கு ஓர் இடம், மற்றவர்க்கு ஓர் இடம் என்று பிரிவினை இருந்தது. பெரியாரின் போராட்டத்தின் விளைவாக 1941இல் அது நீக்கப்பட்டது. அப்படியானால் 1930களின் பெரிய நிலையம் ஒன்றைச் செய்கிறவர் சிற்றுண்டிச் சாலைக்கு எத்தனை பலகை மாட்ட வேண்டும்? ஒற்றைப் பலகையோடு அழகான நிலையம் செய்து '1935' என்று எழுதி அனுப்பினால் அது பொய். தெரிந்து செய்தால் மறைப்பு, தெரியாமல் செய்தால் சோம்பல். அளவு, ஆண்டு, மூலம் என்று நான் வற்புறுத்துவது பொறியியல் பிடிவாதத்தால் அல்ல. ஆண்டைத் துல்லியமாக எழுதிய கணத்தில் அந்த ஆண்டின் அநீதியும் பலகைமேல் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஏக்கத்துக்கு எதிரான மருந்து மாதிரியைக் கைவிடுவதில் இல்லை, இன்னும் சரியாகச் செய்வதில் இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பெட்டியின் நெரிசலையும், தண்டவாளத்தில் குனிந்து நிற்கும் கேங்மேனையும், கேட் கீப்பரின் ஓரறை வீட்டையும் 1:87இல் செய்ய முடியாது என்று எந்த விதியும் சொல்லவில்லை.

இது செலவு மிகுந்த வேலை என்பது அடுத்த மறுப்பு. இறக்குமதி எஞ்சின் வாங்கினால் செலவுதான். ஒரு நிலையத்தையோ, ஒரு கேட்டையோ, ஒரு தண்ணீர்த் தூணையோ ஓடாத காட்சியாகச் செய்ய எஞ்சின் எதற்கு? கல்யாணப் பத்திரிகை அட்டை, தீக்குச்சி, ஊதுபத்திக் குச்சி, சலித்த மணல், நூல் போதும். நவராத்திரிக் கொலுவில் தெப்பக்குளமும் பூங்காவும் அமைத்த கைகள் நம் வீடுகளில் எத்தனை தலைமுறையாக இருக்கின்றன! அந்தக் கைகளைக் கலைஞர்களின் கைகள் என்று ஆண்கள் ஒப்புக்கொண்டதில்லை, அவ்வளவே. மாதிரி ரயில் வட்டங்களில் பெண்கள் அரிதாகவே தென்படுவதும் இதன் இன்னொரு முகம்.

மூன்றாவது மறுப்பே எனக்கு மிகக் கடினமானது. ஒருவர் தன் வீட்டில், தன் பணத்தில், தன் ஓய்வில் ஆல்ப்ஸ் மலை செய்தால் உனக்கென்ன ஐயா, ஓய்விலும் கடமையா என்று கேட்பார்கள். நியாயம். தனக்காகச் செய்பவர் எதையும் செய்யலாம், பனிமலை என்ன, நிலவில் ரயிலே விடலாம். கற்பனைக்கு நான் காவல்காரன் அல்லன். என் வாதம் படத்தை வெளியே அனுப்பும் இடத்தில் தொடங்குகிறது. வெளியே அனுப்பிய கணத்தில் அதற்கு ஒரு வாசகர் உண்டாகிறார். 'நம் ஊர் ரயில்' என்று தலைப்பிட்டு அனுப்பினால் அந்த வாசகர் அதை நம்புவார். இருபது ஆண்டு கழித்து மூலத்தைப் பார்த்தவர்கள் யாரும் இல்லாதபோது அந்தப் படமே மூலமாகிவிடும். நாவலாசிரியருக்கு உள்ள சுதந்திரம் எல்லாம் இவர்களுக்கும் உண்டு. வரலாற்று நாவல் என்று அட்டையில் போட்டுக்கொள்பவரிடம் நாம் கேட்கும் கேள்விகளையும் இவர்கள் ஏற்கத்தான் வேண்டும்.

அரசுத் துறைக்கும் இதில் பங்குண்டு. நிலையங்களிலும் பாலங்களிலும் பல்லாண்டுகளாக நம்மை வரவேற்றது படமெடுக்கத் தடை என்ற பலகைதான். பாதுகாப்பு என்ற பெயரில் ஒரு தலைமுறையின் கண்ணைக் கட்டிவிட்டு, பிறகு மரபு என்ற பெயரில் அருங்காட்சியகம் திறக்கிறார்கள். சென்னையில் 2002இலும் திருச்சியில் 2014இலும் ரயில் அருங்காட்சியகங்கள் வந்தது நல்லதே. புனேயில் ஜோஷி என்ற தனிமனிதர் சேர்த்தவை 1998 முதல் சிறு ரயில் அருங்காட்சியகமாகப் பொதுமக்களுக்குத் திறந்திருப்பதையும் நினைக்கலாம். ஆனால் பீடத்தின்மேல் ஓர் எஞ்சினை வண்ணம் அடித்து நிறுத்துவதால் ஒரு நிலையத்தின் வாழ்வு தெரிந்துவிடாது. உதகை ரயிலுக்காக நீராவி எஞ்சினைப் புதிதாகவே செய்து கொடுத்த திறமை பொன்மலைக்கு இந்த நூற்றாண்டிலும் இருக்கிறது. அப்படிப்பட்ட துறையிடம் பழைய நிலையங்கள், பெட்டிகள், கைகாட்டிகளின் வரைபடங்களைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடுங்கள் என்று கேட்பது பேராசை அன்று. மீட்டர் பாதைக் கைகாட்டியின் வரைபடத்தால் எந்த நாட்டுப் பாதுகாப்பு இன்று குலையும்?

துறை தரும்வரை காத்திருக்கவும் நேரமில்லை. 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டுவிட்டது. எத்தனை பேர் பழைய பாலத்தின் தூக்குப் பகுதியை அளவோடு படம் எடுத்தோம், எத்தனை பேர் அதன் முன் நின்று நம்மைப் படம் எடுத்துக்கொண்டோம்? பொன்மலைக் குடியிருப்புகளிலும் அதைச் சுற்றியும், நீராவி எஞ்சினைத் தொட்டு வேலை செய்த கடைசித் தலைமுறையினர் ஓய்வூதியத்தில் வாழ்கிறார்கள். டோக்கன் வளையத்தை எந்த உயரத்தில் பிடிக்க வேண்டும், வேகமாக வரும் வண்டியில் அது கையை எப்படி வெட்டும், கைகாட்டி விளக்குக்கு எண்ணெய் ஊற்ற எத்தனை படி ஏற வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் உடம்பில் இருக்கிறது. ஒரு மாதிரியைச் செய்து அவர்கள் முன் வைத்தால் அவர்கள் முதலில் பிழைகளைத்தான் சொல்வார்கள். அந்தப் பிழைப் பட்டியல்தான் நமக்கு வேண்டிய ஆவணம். அதைப் படத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.

எங்கள் சமயபுரத்துக்கு ரயில் நிலையம் கிடையாது. ஆகவே எனக்கு ஊர்ப்பற்று என்று யாரும் இதைத் தள்ளிவிட முடியாது. வாளாடியும் லால்குடியும் எனக்குப் பக்கத்து ஊர்கள். உங்களுக்கும் அப்படியொரு பக்கத்து நிலையம் இருந்திருக்கும். அடுத்த மாதிரியைத் தொடங்கும் முன் அங்கே போய் எஞ்சியிருக்கும் சுவரை ஒரு நாடாவால் அளந்து வாருங்கள், அருகில் டீக்கடை வைத்திருக்கும் முதியவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு செய்யுங்கள், படமெடுங்கள், அளவையும் ஆண்டையும் ஊகத்தையும் எழுதி எல்லோருக்கும் கொடுங்கள். ஆல்ப்ஸ் மலையைப் பார்த்துக்கொள்ள அந்த நாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். வாளாடியைப் பார்த்துக்கொள்ள நம்மைத் தவிர ஆள் இல்லை.